கேட்டுக்கு வெளியே நடந்த கால்கள்

மயில்சாமி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியது அவருடைய கால்களுக்குத் தெரியவில்லை. வலது கால் தார்ச்சாலையில் இறங்கியது. இடது கால் அதன் பின்னால் வந்தது. காவலாளி தன்னையறியாமல் எழுந்து நின்றார். எதிர்ப்பக்கத்து பேக்கரி வரைக்கும் யார் தோளையும் பிடிக்காமல் மயில்சாமி நடந்தார். கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, “ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு” என்றார். சொன்ன பிறகு, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரான அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

அவருக்குப் பின்னால், திறந்த லேப்டாப்பை ஒரு கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு பூங்கோதை நின்றிருந்தாள். திரையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. அது அணையாமல் இருக்கிறவரைக்கும் அவர் நிற்பார். “உங்களுக்கும் ஒரு டீ போடட்டுங்களா?” என்று பேக்கரிக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

பூங்கோதை அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் இன்ஜினியர். கோவையின் கிழக்கு ஓரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய ஆஸ்பத்திரி அது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்களை அங்கே ‘நடைப்பாலம்’ என்ற கருவி வைத்து நடக்கவைத்தார்கள். அடிபட்ட இடத்துக்கு மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு, இடுப்பில் ஒரு பெல்ட். மேலே இருக்கும் சில்லு மூளை சொல்வதைக் கேட்கும். பெல்ட் அதை ஒரு பெரிய கணினிக்கு அனுப்பும். கணினி அதைக் கால்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் திருப்பி அனுப்பும். நினைத்த மாத்திரத்தில் இத்தனையும் நடந்து முடிந்து கால் எழும். ஒவ்வொருவருடைய மூளையும் ஒவ்வொரு விதமாகப் பேசுகிறது என்பதால், மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நடைக்கோப்பைக் கணினியில் உருவாக்க வேண்டும்.

அந்தக் கணினி முன்பெல்லாம் வெளிநாட்டில் இருந்தது. கருவியைச் செய்த நிறுவனம் மூழ்கிப்போனபோது, மென்பொருளை மட்டும் ஆஸ்பத்திரிகளிடம் கொடுத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டது. நல்லவேளையாக அறக்கட்டளையின் முக்கிய உறுப்பினர் சென்னியப்பன் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தார். அவர் நூல் மில் முதலாளி. அவருடைய மகள் மேகலாவும் நடைப்பாலத்தில் நடக்கிறவள். மெஷின் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஓடத் தொடங்கியது. ஆனால் மருத்துவக் கருவிகள் இருக்கும் நெட்வொர்க்கை வெளியுலகத்துக்குத் திறந்துவிடக் கூடாது என்பது விதி. அதனால் பெல்ட்டுகள் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் மட்டும்தான் மெஷினோடு பேச முடிந்தது. கேட்டைத் தாண்டினால் கால் மரம். நோயாளிகள் காலையில் சக்கர நாற்காலியில் வந்து, பகலெல்லாம் வேப்பமரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, பொழுது சாயும்போது மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

அவர்களில் பூங்கோதையின் கணவன் நந்தகோபாலும் ஒருவன். மோட்டார் பம்ப் சர்வீஸ் பார்க்கிறவன். விபத்துக்கு முன்னால் உடுமலை, பழனி, தாராபுரம் என்று கிணறு கிணறாகச் சுற்றியவன்.

“வீடு சிங்காநல்லூர்ல, காலு மட்டும் ஆஸ்பத்திரியில. நல்ல பொழப்புதான்” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

“நான் வீட்டுல இருந்துட்டே ஆபீஸ் மெஷினெல்லாம் பாக்கறேன் இல்லீங்க, வி.பி.என். போட்டு?” என்றாள் பூங்கோதை. “அதையே உங்க பெல்ட்டுக்கும் போட்டா என்னன்னு யோசிக்கறேன்.”

“அப்படீன்னா?”

“வெளிய இருக்கற நெட் ஒரு பொது ரோடு மாதிரி. அதுல யாரு வேணா போகலாம், வரலாம். அந்த ரோட்டுக்கு அடியில நமக்குன்னு ஒரு சுரங்கவழி தோண்டிக்கறது. இந்த முனையில உங்க பெல்ட்டு, அந்த முனையில ஆஸ்பத்திரி. நடுவுல போறது யாரு கண்ணுலயும் படாது. சாவி வெச்சிருக்கற பெல்ட்டு மட்டும்தான் உள்ள நுழைய முடியும். உள்ள நுழைஞ்சுட்டா, அது எங்க இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குள்ளயே இருக்கறதா மெஷின் நினைச்சுக்கும்.”

நந்தகோபால் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். “நான் பழனி மலையில நின்னாலும், என் காலு ஆஸ்பத்திரிக்குள்ள நிக்கறதா நினைச்சுக்குமா?”

“நினைச்சுக்கும்.”

“அப்ப ஏன் இன்னும் உட்கார்ந்துட்டு இருக்கற?” என்றான்.

டாக்டர் சுகுமாரன்தான் ஆஸ்பத்திரியின் தலைமை. அவரிடம் அனுமதி வாங்கவும், வி.பி.என். சர்வரை நிறுவிச் சோதிக்கவும் ஒரு மழைக்காலம் போனது. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு சாவி கொடுத்தாள். பெல்ட் தொலைந்தாலோ திருடு போனாலோ அந்தச் சாவியை மட்டும் ரத்து செய்ய ஒரு வசதி வைத்தாள். எந்த பெல்ட் எந்த செல்போன் டவர் வழியாகப் பேசுகிறது என்று காட்டும் திரை ஒன்றும் செய்தாள். யாராவது சாலை நடுவில் நின்றுபோனால் உடனே ஆள் அனுப்ப வேண்டுமல்லவா? மயில்சாமி பேக்கரிக்குப் போன பிறகு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். திரையில் புள்ளிகள் கோவையைத் தாண்டி நாலு பக்கமும் பரவின.

நந்தகோபால் கையால் ஓட்டுகிற மாதிரி மாற்றிய காரில் மறுபடியும் பம்ப் சர்வீஸுக்குப் போக ஆரம்பித்தான். முதல் சில வாரங்கள் பூங்கோதை பயத்தில் அவன் புள்ளியைப் பார்த்தாள். பிறகு பயம் போய்விட்டது, பார்ப்பது போகவில்லை. காலையில் பல் தேய்க்கிற மாதிரி, டீ ஆறுவதற்குள் ஒருமுறை, மீட்டிங் நடுவில் ஒருமுறை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் புள்ளி ஆழியாறு அணைக்கு மேலே போய், ஒரு மணி நேரம் போல அணைந்து, மறுபடி எரிந்தது. அங்கே பம்ப் ஏது, கிணறு ஏது? யாரைப் பார்க்கப் போகிறான்? கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் தூங்கவும் முடியவில்லை. நான் பார்க்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நண்பகல் டாக்டர் சுகுமாரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். இரண்டு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் போலிருந்தார்.

“வா அம்மிணி, உட்காரு” என்றார். “என்ற புள்ள மேகலாவைத் தெரியுமில்ல?”

“தெரியுங்க.” மேகலா கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். நடைப் பயிற்சியின்போது மற்றவர்கள் கீழே பார்த்து நடப்பார்கள், அவள் மட்டும் நேரே பார்த்து நடப்பாள்.

“வீட்டை விட்டுப் போயிட்டா. ஒருத்தன் கூட. பிரிட்டோன்னு பேரு. நிலம் அளக்கறவனாம். அவன் என்ன ஆளு, எந்த ஊரு, ஒண்ணும் நமக்கு ஒத்து வராது. அதை விடு. புள்ள வீட்டுக்கு வந்து சேரோணும். அவ்வளவுதான்.”

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவங்க பெல்ட் ஓடிட்டுதான் இருக்கு, பூங்கோதை. நானே திரையில பார்த்தேன். மேட்டுப்பாளையம், கோத்தகிரி, மறுபடி மேட்டுப்பாளையம். ஆளுங்க போறதுக்குள்ள இடம் மாறிடறாங்க. அதனால...”

“அதனாலங்க?”

“ஒரு மணி நேரம் அவ காலு நின்னாப் போதும், அம்மிணி” என்றார் சென்னியப்பன். பல்பு மாற்றுவதற்கு மெயினை அணைக்கச் சொல்வது போல இருந்தது அவர் குரல். “எங்க நிக்கறாளோ அங்கயே இருப்பா. நம்ம பசங்க பதனமா காருல வெச்சுக் கூட்டிட்டு வந்துருவாங்க.”

பூங்கோதைக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் நாற்காலி நுனிக்கு வந்தாள். “ரோட்டுல நடந்துட்டு இருக்கறப்ப நின்னா விழுந்துருவாங்க, சார்.”

“விழுந்தா தூக்கறதுக்கு நம்ம ஆளுங்க பக்கத்துலதான் இருப்பாங்க.”

“அவங்க சின்னக் குழந்தை இல்லீங்களே. அவங்க இஷ்டத்துக்குத்தான போயிருக்காங்க.”

“இஷ்டம் இருக்கட்டும். போன காலு யாரு குடுத்தது?”

டாக்டர் குறுக்கே பேசினார். “நோயாளியோட பாதுகாப்புக்காக ஒரு சாவியை ரத்து பண்ற அதிகாரம் ஆஸ்பத்திரிக்கு இருக்கு. நீங்களே வெச்ச வசதிதானே அது?”

அவளே வைத்த வசதிதான். தொலைந்த பெல்ட்டுக்காக வைத்தது. அவள் ஏதேதோ சொன்னாள். இன்றைக்கு மெஷினில் ஒரு சோதனை ஓடுகிறது, நடுவில் கைவைத்தால் மற்றவர்களுக்கும் சிக்கல் வரும், நாளைக் காலையில் செய்து தருகிறேன் என்று சொன்னாள். அத்தனையும் பொய். சென்னியப்பன் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சரி, காலையில வாரேன்” என்று எழுந்தார். கதவருகில் நின்று, “அவ அடிபட்டுக் கெடந்தப்ப நானுந்தான் ராவும் பகலுமா உட்கார்ந்திருந்தேன், அம்மிணி” என்றார். அதில் பொய் இல்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நந்தகோபால் சமையல் மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். கால் வந்த நாளிலிருந்து அவன் எந்த வேலையையும் உட்கார்ந்து செய்வதில்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“நீ என்ன சொன்னே?”

“நாளைக்குன்னு சொன்னேன்.”

“முடியாதுன்னு சொல்லலியா?”

“முடியாதுன்னு சொன்னா வேற யாரையாச்சும் வெச்சுப் பண்ணிருவாங்க. டாக்டர்கிட்டயும் ஒரு பாஸ்வேர்டு இருக்குது. எப்படிப் பண்றதுன்னு தெரிஞ்சுக்க அவருக்கு ரெண்டு நாளாகும், அவ்வளவுதான்.” அவள் குரல் உயர்ந்தது. “பெத்த அப்பா, புள்ளையோட காலை நிறுத்துன்னு கேக்கறாரு. மனுசனா அவரு?”

நந்தகோபால் கத்தியைக் கீழே வைத்தான். “ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. வியாழக்கிழமை நான் எங்க போறேன்னு உனக்குத் தெரியுமில்ல?”

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

“ஆனைமலையில பணியாரம் நல்லா இருந்துச்சான்னு ஒரு நாள் கேட்ட. நான் ஆனைமலை போனதை உங்கிட்டச் சொல்லவே இல்ல. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“பயந்துட்டுத்தாங்க பார்த்தேன்.”

“நீ பயந்துட்டுத்தான் பார்த்தேன்னு எனக்கும் தெரியும். ஆழியாறு தாண்டி மலையில ஒரு திருப்பம் இருக்குது, அங்க டவர் கிடையாது. காரை அங்க கொண்டு போய் ஓரமா நிறுத்திக்குவேன். காலு செத்துப் போயிரும். சீட்டுல அப்படியே சாஞ்சுக்குவேன். குரங்கு வந்து கண்ணாடியில உட்காரும். யாருமே எங்க இருக்கேன்னு பார்க்காம ஒரு மணி நேரம் இருந்துட்டு, காரைத் திருப்பிட்டு வருவேன்.” நறுக்கிய பீன்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினான். “வேற யாரும் இல்ல, கோதை. நீ என்ன நினைச்சியோ, அது இல்ல.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் தனியாக இருப்பதற்காக இந்த மனிதன் வாராவாரம் தன் கால்களைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான். அதற்கு அவள் மனத்துக்குள் ஒரு பெண்ணை உருவாக்கி, முகமும் கொடுத்து, அந்த முகத்தோடு சண்டையும் போட்டிருக்கிறாள். அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை என்றும் தோன்றியது.

“எடுத்துடறேன்” என்றாள். “அந்தத் திரையையே எடுத்துடறேன். ரத்து பண்றதையும் எடுத்துடறேன். ஆனா நீங்க எங்கயாச்சும் நின்னு போனா எனக்குத் தெரியாது.”

“போன் பண்றேன்.”

“போன் பண்ண முடியாத மாதிரி விழுந்தா?”

நந்தகோபால் யோசித்தான். “அப்ப ரோட்டுல போறவங்க தூக்குவாங்க. காலு நல்லா இருக்கறவங்க விழுந்தா யாரு தூக்கறாங்க? அவங்கதான்.”

அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். அவளே தோண்டிய சுரங்கவழியாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். முதலில் ஒவ்வொருவருடைய நடைக்கோப்பையும் ஒரு பிரதி எடுத்து அவரவர் பெல்ட்டுக்கே அனுப்பினாள். பிறகு சாவிகளை மாற்றினாள். இனிமேல் ஒவ்வொரு பெல்ட்டும் தன் சாவியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். தன் சாவியைத் தான்தான் ரத்து செய்ய முடியும். எந்தச் சாவி யாருடையது என்பது மெஷினுக்கே தெரியாது. கடைசியாகப் புள்ளிகள் இருந்த திரையையும் பழைய பதிவுகளையும் அழித்தாள். பிரதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து நிமிர்ந்தபோது சமையலறையில் பீன்ஸ் பொரியல் வாசனை வந்துகொண்டிருந்தது.

காலையில் சென்னியப்பனும் டாக்டரும் கீழ்த்தளத்து மெஷின் அறையிலேயே காத்திருந்தார்கள். அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் கண்ணாடி. அதற்கு அப்பால் நடைப் பயிற்சிக் கூடம். புதிதாகச் சேர்ந்த சிலர் கம்பிகளைப் பிடிக்காமல் நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

“முடியாதுங்க” என்றாள் பூங்கோதை. “ஒருத்தரை மட்டும் நிறுத்தற வசதி இப்ப இதுல இல்ல. அவங்க எங்க இருக்காங்கன்னும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

டாக்டர் கீபோர்டை இழுத்து எதையெதையோ தட்டிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. “என்ன பண்ணியிருக்கீங்க? இது ஆஸ்பத்திரியோட சொத்து!”

“மெஷின் ஆஸ்பத்திரி சொத்துங்க சார். நடை அவங்களோடது.”

சென்னியப்பன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை அமுத்தினா நின்னுரும்ல?” அவர் விரல் பெரிய சிவப்பு ஸ்விட்சைக் காட்டியது.

“நின்னுருங்க.”

“அவளும் நிப்பா.”

“எல்லாரும் நிப்பாங்க. இங்க நடந்துட்டு இருக்கறவங்க, வெளிய போனவங்க, என் வீட்டுக்காரரு, எல்லாரும். யாரு படியில இருக்கறாங்க, யாரு ரோடு தாண்டிட்டு இருக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது.”

சென்னியப்பன் ஸ்விட்சின் மேல் கையை வைத்தார். அவள் தடுக்கவில்லை. தடுக்கிற பலமும் அவளுக்கு இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு நடுத்தர வயதுப் பெண் கம்பியை விட்டுவிட்டு நாலடி வைத்தாள். யாரோ கைதட்டினார்கள். அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்து, யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற சென்னியப்பனைப் பார்த்து அவரையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

அவர் கையை எடுத்துவிட்டார்.

“நானுந்தான அவளை நடக்க வெச்சேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“ஆமாங்க. அதனாலதான் நடந்து போயிட்டாங்க.”

அவர் படியேறிப் போனார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

அன்று மாலையே பூங்கோதைக்கு வேலை போய்விட்டது. வழக்குப் போடுவோம் என்றார்கள்; போடவில்லை. போட்டால், எதைக் கேட்டதற்கு அவள் இப்படிச் செய்தாள் என்பதும் வெளியே வருமல்லவா? ஆனால் அடுத்த மாதம், பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி ஆஸ்பத்திரி வி.பி.என். சர்வரை மூடியது. நடக்க வேண்டுமானால் வளாகத்துக்குள் வந்து நடந்துகொள்ளலாம்.

நந்தகோபால் மட்டும் நிற்கவில்லை. பெல்ட்டில் அவனுடைய நடைக்கோப்பு இருந்தது. பூங்கோதை ஒரு சிறிய கணினியை வாங்கி, சோதனைக்காகத் தன்னிடம் வைத்திருந்த நடைப்பாலம் மென்பொருளை அதில் ஏற்றி, வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்கென்று தனியாக ஒரு வி.பி.என். போட்டாள். அது ஒரு ஆளுக்கு மட்டும் போதுமான மெஷின். விஷயம் பரவியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பூங்கோதையும் நந்தகோபாலும் காரில் ஊர் ஊராகப் போய் அவரவர் வீட்டில் அவரவர் சர்வரை வைத்துக் கொடுத்தார்கள். இருவரும் சேர்ந்து அவ்வளவு ஊர் சுற்றியது கல்யாணமான புதிதில்கூட இல்லை.

எல்லாம் நல்லபடியாகவே போய்விடவில்லை. மயில்சாமி வீட்டில் ஒரு நாள் கரண்டு போனது. மெஷினோடு வைத்திருந்த பேட்டரி பழசாகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மெஷின் நின்றபோது அவர் தபால் ஆபீஸ் படியில் இருந்தார். விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. பூங்கோதை ஓடிப் போய்ப் பார்த்தபோது கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார்.

“பழைய மாதிரி ஆஸ்பத்திரியில இருந்திருந்தா நீ முன்னாடியே பார்த்துச் சொல்லியிருப்ப, இல்லம்மா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. சொல்லியிருப்பேன்.”

அவர் கோபித்துக்கொள்வார், மறுபடி பார்க்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வலியில் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேள்வி அதற்குப் பிறகு பல நாள் அவளோடு இருந்தது. அவர் சரியாகத்தான் கேட்டார் என்று சில நாள் தோன்றும்.

தை பிறந்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது.

“அக்கா, நான் மேகலா பேசறேன். நாகப்பட்டினத்துல இருந்து.”

பூங்கோதை சட்டென்று எழுந்துவிட்டாள். “நல்லா இருக்கீங்களா? கோத்தகிரியில இருந்து எப்ப அங்க போனீங்க?”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “நான் கோத்தகிரிக்குப் போகவே இல்லக்கா. பெல்ட்டுதான் போச்சு. என் ஃபிரண்டு ரெஜினா கோத்தகிரி பஸ்ஸுல கண்டக்டர். அவ பையில போட்டுவிட்டேன். தினமும் டிப்போவுல சார்ஜ் போட்டுப் போட்டு மேலயும் கீழயும் கொண்டு போனா. அப்பாவோட ஆளுங்க அந்த பஸ்ஸுலயே டிக்கெட் எடுத்துட்டுப் போனாங்களாம்.”

“அப்ப நீங்க?”

“சக்கர நாற்காலியில. பிரிட்டோ தள்ளிட்டு வந்தார், ரயில்ல ஏறி உட்கார்ந்தோம். அது அப்பா வாங்கிக் குடுத்த மெஷின்ல நடக்கற காலு. அதுல நடந்து அவர்கிட்ட இருந்து எப்படிக்கா போறது?”

பூங்கோதை மறுபடி உட்கார்ந்தாள். தான் காப்பாற்றியதாக நினைத்த கால்கள் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் சேர்ந்து துரத்தியது ஒரு பஸ் கண்டக்டரின் தோள்பையை.

“பெல்ட் இப்ப என்கிட்டத்தான் இருக்கு. ரெஜினா கொண்டாந்து குடுத்துட்டா” என்றாள் மேகலா. “நீங்க வீட்டுக்கு வந்து தனியா வெச்சுக் குடுக்கறீங்கன்னு மயில்சாமி சார் சொன்னார். எனக்கும் வெச்சுக் குடுப்பீங்களா?”

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் சின்ன வீடு. பிரிட்டோ வாசலில் நின்று காரை ஒதுக்கி நிறுத்த வழிகாட்டினான். மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத ஆள். மேகலா நாற்காலியில் இருந்தபடியே வரைபடப் பலகையில் வேலை செய்துகொண்டிருந்தாள். கை தடித்து, தோள் அகன்றிருந்தது. பூங்கோதை மேசை மூலையில் சின்ன மெஷினை வைத்து, பெல்ட்டிலிருந்து நடைக்கோப்பை ஏற்றினாள். எல்லாவற்றையும் மேகலாவையே செய்யவைத்தாள். பேட்டரியை எப்படிப் பார்ப்பது, சாவியை எப்படி மாற்றுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில் பாஸ்வேர்டு போடும்போது எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“போட்டாச்சுக்கா” என்றாள் மேகலா. “இனிமே நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இவருக்கு?”

“நீங்க சொன்னாத்தான்.”

மேகலா பெல்ட்டைக் கட்டினாள். மேசையைப் பிடித்து எழுந்தாள். பல மாதம் நிற்காத கால்கள் நடுங்கின. பிரிட்டோ கை நீட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான், தொடவில்லை. அவள் கதவு வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“ஒரு நடை போயிட்டு வரேன்” என்றாள்.

“நானும் வரட்டுமா?” என்று பிரிட்டோ கேட்டான்.

“வேண்டாம், பிரிட்டோ.”

அவள் போனாள். மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். தெருமுனையில் மீன்வண்டி ஒன்று குறுக்கே வந்தது; அது நகர்ந்தபோது அவள் அங்கே இல்லை. கடற்கரைப் பக்கம் போனாளா, கடைத்தெருப் பக்கமா என்று தெரியவில்லை.

பிரிட்டோ உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தான். பூங்கோதையின் கை பழக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தது. அதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. மூடி வைத்தாள். டீ குடித்து முடிந்தும் மேகலா வரவில்லை. பிரிட்டோ இரண்டு முறை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மூன்றாம் முறை எழப்போனவனை நந்தகோபால் தோளில் கைவைத்து உட்காரவைத்தான்.

“வருவாங்க தம்பி” என்றான். “இன்னொரு டீ போடுங்க.”